மடிநோய்ப் பாலை லேபுக்குக் கொண்டுபோனது

ஆத்தூர் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு மடிநோய் புதிதல்ல. மடி கல்லாட்டம் வீங்கும், பால் திரிதிரியாக வரும், ஊசி போட்டால் வடியும், கொஞ்ச நாளில் மறுபடி வரும். எங்கள் கலப்பினப் பசுவுக்கும் அப்படித்தான். இந்தத் தடவை டாக்டரம்மா ஊசியை எடுக்கவில்லை. “வலிக்கு மட்டும் இப்ப மருந்து தர்றேன். பாலை டெஸ்ட் குடுத்துட்டு வாங்க, எந்த ஆன்டிபயாடிக் கேக்கும்னு தெரிஞ்சு போடலாம்” என்றார்.

பால் எடுப்பதுதான் பெரும்பாடு. மடியைக் கழுவித் துடைத்து, காம்பு நுனியை ஸ்பிரிட் பஞ்சால் தேய்த்து, முதல் சில பீச்சைக் கீழே விட்டுவிட்டு, லேப் பாட்டிலைச் சாய்த்துப் பிடித்துப் பீச்ச வேண்டும். ஒரு பொட்டுச் சாணி விழுந்தாலும் அந்தக் கிருமிதான் வளரும். வலியில் மாடு உதைக்கும், கூட ஆள் கட்டாயம் வேண்டும். ஐஸ் டப்பாவில் வைத்துத் தலைவாசல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோனேன்.

கிருமியை முதலில் வளர்க்கிறார்கள். அப்புறம் தட்டில் பரப்பி, மருந்து ஏற்றிய சின்னக் காகித வட்டுகளை வைத்து, ஓர் இரவு சூட்டில் விடுகிறார்கள். கேட்கிற மருந்தைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் விழும்; அதை மில்லிமீட்டரில் அளந்து முடிவு எழுதுகிறார்கள். எங்கள் தட்டில் பென்சிலின் வட்டை ஒட்டியே கிருமி மொய்த்திருந்தது.

செஃப்ட்ரியாக்சோன், ஆக்ஸிடெட்ராசைக்ளின் என்ற இரண்டு ஆன்டிபயாடிக்கும் கேட்கும் என்று ரிப்போர்ட் வந்தது. முதலாவதைப் போட்டுவிடலாமே என்றேன். “அது ஆஸ்பத்திரியில மனுஷங்களுக்கு வேண்டிய மருந்து. சாதாரணமே கேக்கும்போது அதை எதுக்குத் தொடணும்?” என்றார் டாக்டரம்மா. எனக்கு இது சரியாகவே பட்டது.

ஆக்ஸிடெட்ராசைக்ளினிலேயே குணமாகிவிட்டது. பால்தான் கையைக் கடித்தது. போட்ட மருந்து பாலிலும் வரும் என்பதால், எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று மருந்து லேபிளில் இருக்கும். அப்படிக் கணக்கு இல்லாத மருந்துக்குக் குறைந்தது 7 நாள் என்று 2012-இலேயே விதி வந்துவிட்டது. “காய்ச்சினா சரியாப் போயிரும்” என்றார் அம்மா. காய்ச்சினாலும் மருந்து முழுசாகப் போகாது. கன்றுக்கும் அந்தப் பாலை விடவில்லை. விட்டால் அதன் வயிற்றில் மருந்துக்கு அடங்காத கிருமி பெருகும். தனிக்குழி வெட்டித்தான் ஊற்றினோம்.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் எங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு அதே மருந்தைக் கேட்டுப் போனார். உங்கள் மாட்டுக் கிருமி வேறாக இருக்கலாம் என்று, டெஸ்டுக்குப் பால் எடுக்க லேப் பாட்டிலைக் கொடுத்து அனுப்பியிருக்கிறார் டாக்டரம்மா.