நகத்தோடு எலும்பும் போகும்

புது சோபாவைப் பூனை பிறாண்டிவிட்டால், "டொக்டரிடம் கொண்டுபோய் நகத்தை ஒரேயடியாக எடுத்துவிடலாமா?" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். கேட்பவர்களுக்கு அது என்ன வெட்டு என்று தெரிவதில்லை. தெரிந்தால் கேட்கமாட்டார்கள்.

பூனையின் நகம் விரலின் கடைசி எலும்பிலிருந்து வளர்கிறது. அது மறுபடி முளைக்கக்கூடாது என்றால் அந்த எலும்பையே வெட்டி எடுக்க வேண்டும். நம் கையில் என்றால் ஒவ்வொரு விரலையும் நுனிக் கணுவோடு துண்டிப்பதற்குச் சமம். முன்கால் இரண்டிலும் பத்து விரல், பத்துத் துண்டிப்பு. லேசரில் செய்தால் இரத்தக்கசிவு குறையும். போவது அதே எலும்புதான்.

பூனை விரல்நுனியில் நடக்கிற பிராணி. நுனி போனால் பாரம் பின்னால் சாய்ந்து, நடை மாறி, முதுகு நோகலாம். எலும்புத் துணுக்கு உள்ளே தங்கிவிட்டால் செருப்புக்குள் கல் கிடப்பது போல அடிக்கு அடி உறுத்தும். அதிலிருந்து கோணல் நகமும் முளைக்கலாம். 2018இல் வெளியான ஓர் ஆய்வில், நகம் எடுக்கப்பட்ட 137 பூனைகளில் 63 சதவீதத்துக்கு எக்ஸ்ரேயில் இந்தத் துணுக்கு தெரிந்தது. நோகும் பாதத்தால் மணலைக் கிளற முடியாமல் பூனை மெத்தையில் சிறுநீர் கழிக்கலாம். சோபாவைக் காப்பாற்றப் போய் மெத்தை நாறும்.

பிள்ளைகளைக் கீறுமே என்ற பயம் நியாயமானது. ஆனால் நகமில்லாத பூனைக்கு மிஞ்சுவது பல். கடி, கீறலைவிட ஆழமாக இறங்கிச் சீழ் வைக்கும். (எதுவானாலும் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் பூனையாலும் வரும்.) தோட்டத்துப் பூனை காம்பராவுக்குள் அடைந்து கிடப்பதுமில்லை. நாய் துரத்தினால் மரமேற நகம் வேண்டும்.

இஸ்ரேல் 2011இலும் நியூயோர்க் மாநிலம் 2019இலும் இதைத் தடை செய்தன. சோபாவுக்காக விரலை வெட்டுவது எந்த ஊரிலும் கொடுமைதான்.

சோபாவுக்கு மருந்து, பூனை பிறாண்டத் தும்புக் கயிறு சுற்றிய கட்டை. 10 சென்டிமீட்டர் தடிப்பில், 90 சென்டிமீட்டர் உயரத்தில் ஓர் உருண்டை மரக்கட்டை. அடியில் 50 சென்டிமீட்டர் சதுரப் பலகையைத் திருகாணியால் இறுக்குங்கள். 12 மில்லிமீட்டர் கயிற்றை இடைவெளியில்லாமல் 75 சென்டிமீட்டர் உயரத்துக்குச் சுற்ற ஏறக்குறைய 22 மீட்டர் பிடிக்கும். ஆணிமுனை வெளியே நீட்டக்கூடாது. கட்டை ஆடினால் பூனை ஒருமுறை பயந்து, பிறகு கிட்டவே வராது. பெரும்பாலானோர் பிழைவிடுவது இங்கேதான். தூங்கி எழுந்ததும் உடம்பை நீட்டிப் பிறாண்டுவது பூனையின் வழக்கம். அதனால் அது படுக்கும் இடத்தருகே, அல்லது கிழிபடும் சோபாவை ஒட்டியே கட்டையை வையுங்கள். காலைப் பிடித்துத் தேய்த்துப் பழக்க வேண்டாம்.

வீட்டோடு இருக்கும் பூனைக்கு 2, 3 வாரத்துக்கு ஒருமுறை நகம் வெட்டலாம். விரலை மெல்ல அழுத்தினால் நகம் வெளியே வரும். உள்ளே இளஞ்சிவப்பாகத் தெரிவது இரத்தநாளமும் நரம்பும். அதற்கு 2 மில்லிமீட்டர் முன்னதாக, வெளிறிய நுனியை மட்டும் வெட்டுங்கள். இரத்தம் வந்தால் சோளமாவை அப்பி 2, 3 நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். பெருவிரல் நகத்தை மறக்க வேண்டாம்: தரையில் படாததால் தேயாமல் சுருண்டு, பாதத்துக்குள்ளேயே குத்தும்.

மழையும் பனிமூட்டமும் மாறி மாறி வரும் மாதங்களில் தும்பு பூஞ்சணம் பிடிக்கும். வெயில் கண்ட நாளில் இஸ்தோப்பில் வைத்துக் காயவிடுங்கள். கயிறு பிய்ந்து தொங்குகிறதே என்று மாற்ற அவசரப்படாதீர்கள். பூனைக்கு அப்போதுதான் அது பிடித்துப்போயிருக்கும்.