சிப்பிப்பாறையா, ராஜபாளையமா? ஓட்டத்தைப் பார்த்து முடிவெடுங்கள்

காலையில் வெள்ளென எழுந்து ஓடுகிறவர்களும், விடுமுறை வந்தால் தோட்டத்துக்குக் கிளம்புகிறவர்களும் இருக்கிற வீட்டில் வேட்டை நாய் வளர்க்க ஆசை வந்தால், நெல்லைச் சீமையில் பேச்சு கடைசியில் சிப்பிப்பாறை, ராஜபாளையம் என்ற இரண்டில் வந்து நிற்கும். நிறத்தையும் உயரத்தையும் பார்த்துக் குட்டியைத் தூக்கி வந்துவிடுகிறார்கள். பார்க்க வேண்டியது வேறு. அந்த நாய் எப்படி ஓடும், ஓடி முடித்தபின் வீட்டில் என்ன செய்யும் என்பதுதான் கேள்வி.

சிப்பிப்பாறை கண்ணால் வேட்டையாடும் நாய். ஆழ்ந்த நெஞ்சு, ஒட்டிய வயிறு, 20 கிலோவை ஒட்டிய எடை. கரிசல் வெளியில் முயல் கிளம்பியதும் ஒரே மூச்சில் பாய்வதற்கென்றே அமைந்த உடம்பு. அதன் ஓட்டம் கடுமையானது, ஆனால் குறுகியது. அடைப்புள்ள இடத்தில் 20 நிமிடம் அவிழ்த்துவிட்டு, கூடவே அரை மணி நேரம் நடத்தினால் போதும், மற்ற நேரமெல்லாம் சுருண்டு படுத்துத் தூங்கும். ராஜபாளையம் எலும்பும் சதையும் கனத்தது, 30 கிலோ சாதாரணம். பன்றி வேட்டைக்குப் போன நாய்தான், ஆனால் காவல் அதன் குணத்தோடு ஊறியது. காலையும் மாலையும் முக்கால் மணி நேரம் சீரான நடை கேட்கும். நடந்து வந்த பிறகும் வாசலில் ஒரு கண் இருந்துகொண்டே இருக்கும். ஆட்கள் வந்து போய்க்கொண்டே இருக்கும் வீட்டில் அதற்கும் நிம்மதி இல்லை, வருகிறவருக்கும் இல்லை.

ஓடுகிற குடும்பத்துக்கு எங்கள் ஓட்டு சிப்பிப்பாறைக்கே. ஒரே நிபந்தனை: அடைப்பான இடம் வேண்டும். மயில் ஒன்று குறுக்கே போனால் நீங்கள் கூப்பிடுவது நாயின் காதில் விழாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயலோ மயிலோ வேட்டையாடுவது குற்றம். பறவைகள் சரணாலயமான கூந்தன்குளம் பக்கமும், வெளிமான் திரியும் வல்லநாட்டுப் பக்கமும் கயிற்றை அவிழ்க்கவே கூடாது. தோட்டத்து வேலி 6 அடிக்குக் குறையாத கம்பிவலையாக இருக்கட்டும். 4 அடிச் சுவரை ஒரே தாவில் தாண்டிவிடும்.

முள்கம்பி வேலிதான் இந்த நாய்க்குப் பெரிய எமன். தோல் மெல்லியது, அடியில் கொழுப்பும் இல்லை. வேகத்தில் உரசினால் துணி கிழிந்ததுபோல் தொங்கிவிடும். கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் 9 கிராம் உப்பு கரைத்துக் காயத்தைக் கழுவி, சுத்தமான ஈரத்துணியால் மூடி, தாமதிக்காமல் தையலுக்குக் கொண்டுபோங்கள். மஞ்சள்தூளை அப்பினால் மருத்துவர் அதைச் சுரண்டி எடுக்க வேண்டியிருக்கும். அடுத்தது உடைமுள். நம் ஊர்க் குளத்தங்கரை எதில் நடந்தாலும் பாதத்தில் ஏறும். நொண்டினால் விரலிடுக்கை விரித்துப் பாருங்கள். உள்ளே முறிந்து நின்ற முள் நாலைந்து நாளில் சீழ் கட்டும்.

கழுத்துப் பட்டையிலும் கவனம் வேண்டும். சிப்பிப்பாறைக்குத் தலை ஒடுக்கம், கழுத்து திடம். சாதாரண பெல்ட் பின்னால் இழுத்ததும் கழன்றுவிடும். ஒன்றரை அங்குலமாவது அகலமுள்ள, இழுத்தால் சற்றே இறுகும் பட்டை வாங்குங்கள். இரண்டு இனத்தில் எதுவானாலும் ஒன்றேகால் வயது வரை சைக்கிளோடு ஓடவிடக் கூடாது. எலும்பின் வளரும் முனைகள் மூடியிருக்காது, மூட்டு கெட்டுவிடும். வெயில் காலத்தில் புறங்கையைத் தார்ச்சாலையில் 7 விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் முடியாவிட்டால் அதன் பாதத்தாலும் முடியாது.

ராஜபாளையம்தான் வேண்டும் என்கிறவர்கள், வீட்டில் நாள் முழுக்க ஒருவராவது இருப்பாரா என்று முதலில் யோசியுங்கள். பிறகு குட்டியின் காது. வெள்ளை நிறத்தோடு பிறவிச் செவிடும் இந்த இனத்தில் சில குட்டிகளுக்குக் கூடவே வருகிறது. குட்டிகள் கூட்டமாக இருக்கும்போது கைதட்டிப் பயனில்லை, ஒன்று திரும்பினால் மற்றதும் திரும்பும். தனியே தூக்கி வந்து, அது வேறெங்கோ பார்த்திருக்கும்போது பின்னாலிருந்து சாவிக்கொத்தைக் குலுக்குங்கள். காற்றோ தரையதிர்வோ எட்டாத தூரத்தில் நின்று செய்ய வேண்டும். தூங்கும்போதும் ஒருமுறை பாருங்கள். ஒரு காது மட்டும் கேளாத குட்டியை இப்படிக் கண்டுபிடிக்க முடியாது, அதற்கு மூளையின் அலையை அளக்கும் சோதனைதான் வழி. மூக்கு ரோஜா நிறமாக இருப்பது இனத்தின் அடையாளம், நோயல்ல. ஆனால் உச்சி வெயிலில் அந்த மூக்கும் காதுமடலும் வெந்துபோகும்.

எந்தக் குட்டியையும் 8 வாரத்துக்கு முன் தாயிடமிருந்து பிரிக்காதீர்கள். 2017ஆம் ஆண்டு நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகளின்படி அதற்கு முன் விற்கவும் கூடாது. கூட்டுத் தடுப்பூசி 6 முதல் 8 வாரத்தில் தொடங்கி, 3 அல்லது 4 வாரத்துக்கு ஒருமுறை 16 வாரம் வரை. வெறிநோய் ஊசி 3 மாதத்தில். கடைசி ஊசி முடியும்வரை தெருநாய் புழங்கும் இடத்தில் இறக்கிவிடாதீர்கள், பார்வோ கிருமி மண்ணிலேயே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

சாப்பாட்டுக்கு ஒரு கணக்கு. 20 கிலோ எடையுள்ள வளர்ந்த சிப்பிப்பாறைக்கு நாளைக்கு 150 கிராம் அரிசியை வடித்த சோறு, எலும்பில்லாத கோழி 350 கிராம், ஒரு முட்டை, இரண்டு வேளையாகப் பிரித்து. தினமும் இதையே போட்டால் சுண்ணாம்புச் சத்து போதாது, அளவை மருத்துவரிடம் கேட்டுச் சேர்த்துக் கொடுங்கள். வேகவைத்த எலும்பு குடலைக் கிழிக்கும், கூடவே கூடாது. கடைசி இரண்டு மூன்று விலா லேசாகத் தெரிவது சிப்பிப்பாறைக்குச் சரியான உடம்பு. அக்கம்பக்கத்தார் "பட்டினி போடுறீங்களா?" என்று கேட்பார்கள், அதற்காகக் கொழுக்க வைக்காதீர்கள். சாப்பிட்டதும் ஒரு மணி நேரம் ஓட்டமே வேண்டாம். ஆழ்ந்த நெஞ்சுள்ள நாய்க்கு இரைப்பை முறுக்கிக்கொள்ளும். வயிறு உப்பி, வாந்தி வராமல் ஓங்கரித்தால் உடனே வண்டியை எடுங்கள்.

கருத்தடையோ வேறு அறுவையோ செய்யப்போனால், ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியானாலும் தனியார் மருத்துவரானாலும், இது ஒல்லி வேட்டை நாய் என்று முதலிலேயே சொல்லுங்கள். உடம்பில் கொழுப்பு குறைவான இந்த வகை நாய்களுக்குத் தயோபென்டோன் போன்ற மயக்க மருந்து சீக்கிரம் தெளியாது. அன்று காலை போட்ட எடையைக் கையோடு எழுதிக்கொண்டு போங்கள்.