தேக்கும் தகரமும்

"இது நடையா சித்தப்பா? நீங்களே சொல்லுங்கள்!"

காரைக்குடி வீட்டு முகப்பில் அண்ணன் மகன் பொரிந்து தள்ளுகிறான். மடியில் ஜப்பானிய ஓவியர் ஜுன்ஜி இட்டோவின் 'உசுமாகி' மங்கா, அதாவது படக்கதை. கைபேசியில் அதன் அனிமே, அதாவது அசைபடத் தொடர்.

1998இல் தொடங்கிய திகில் மங்கா. சுருள் வடிவம் ஓர் ஊரையே பிடித்து ஆட்டும் கதை.

புத்தகத்தைப் புரட்டிக் காட்டினான். ஒரு பெண்ணின் கூந்தல் பக்கம் முழுக்கச் சுருண்டு எழுகிறது. இழை இழையாகப் பேனாக் கோடு. கண்ணை எடுக்க முடியவில்லை.

அதை 2024இல் கறுப்பு வெள்ளையிலேயே நான்கு அத்தியாய அனிமேயாக எடுத்தார்கள். முதலாவதை ரசிகர்கள் தலையில் தூக்கிவைத்து ஆடினார்கள். இரண்டாவதில் ஆட்கள் நடப்பதே பொம்மலாட்டம். கொண்டாடிய வாய்களே கிழித்துத் தொங்கவிட்டன.

ஆத்தா கேட்டுக்கொண்டே இருந்தார்.

"முகப்புக்குப் பர்மாத் தேக்கு, இரண்டாம் கட்டுக்குத் தகரமாக்கும்?"

அதேதான். முதலாவதும் மோசமாக இருந்திருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது.

ஆனால் வரைந்தவர்களைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. காலக்கெடுவும் பணமும் அவர்கள் கையிலா இருக்கின்றன?

"மீதியைப் பார்க்காதே, விடு" என்றேன்.

பார்த்து முடித்துவிட்டானாம். முழுதாகப் பார்த்தால்தானே முழுதாகத் திட்ட முடியும்!