கமலா கானின் முகம்

சூப்பர்ஹீரோ கதைகளில் பல இன, மதப் பின்னணி நாயகர்களைக் கொண்டுவரும் பன்முகத்தன்மை என்பதே வெறும் கணக்குக் காட்டல் என்கிறவர்கள் 2014இல் தொடங்கிய மிஸ் மார்வெல் காமிக்ஸைப் படித்துப் பாருங்கள். ஜெர்சி சிட்டியில் வளரும் பாகிஸ்தானியக் குடும்பத்துப் பெண் கமலா கான். உருமாறும் அதீத சக்தி வந்ததும் அவள் முதலில் மாறுவது அவள் வியந்து போற்றும் பொன்னிறக் கூந்தல்கொண்ட சூப்பர்ஹீரோ கரோல் டேன்வர்ஸாக! ஆனால் பூட்ஸ் கடிக்கிறது, முடி முகத்தில் வந்து விழுகிறது. பிறகுதான் உடல் முழுதும் மூடும் நீச்சலுடையான தன் புர்கினியையே சூப்பர்ஹீரோ உடையாக்கி, சொந்த முகத்தோடு வருகிறாள். எவ்வளவு நேர்மையான எழுத்து! 2015இல் அறிபுனை, மிகுபுனைப் படைப்புகளுக்கான ஹியூகோ விருதும் கிடைத்தது.

அதே ஆண்டு சான் பிரான்சிஸ்கோ பேருந்துகளில் இருந்த இஸ்லாமிய வெறுப்பு விளம்பரங்கள்மேல் யாரோ அவள் படத்தை ஒட்டினார்கள். நெகிழ்ந்துபோனேன்.

2022இல் வந்த மிஸ் மார்வெல் திரைத்தொடரில் கமலாவாக நடித்த இமான் வெல்லானி அருமை. ஆனால் காமிக்ஸில் இருந்த, உடலே நீண்டு சுருங்கும் சக்தியை, ஒளியைப் படிகம்போல் திடமாக்கும் சக்தியாக மாற்றியதை என்னால் ஏற்க முடியவில்லை. வளரும் பெண்ணுக்கு உடல் நீண்டு சுருங்குவதைவிடப் பொருத்தமான சக்தி உண்டா?