எருக்கங்காய்ச் சிற்பம்: இதுவரை செய்து பார்த்தவை

வெடித்த எருக்கங்காயின் வடிவத்தில் ஒரு சுடுமண் சிற்பம் செய்துவருகிறேன். வெளிப்புறம் சிவப்பாகவும் உட்புறம் நல்ல கறுப்பாகவும் அமைய வேண்டும். ஆனால் வண்ணம் எதுவும் பூசக் கூடாது. கீழடி, கொடுமணல், ஆதிச்சநல்லூர் போன்ற அகழாய்வு இடங்களில் கிடைத்த பழங்காலக் கறுப்பு-சிவப்பு மண்கலங்களைப் பார்த்த பிறகு வேறு வழியில் செய்ய மனம் வரவில்லை. பழமையைச் சிற்பத்தில் கொண்டுவருவதென்றால் பானை ஓடுகளில் உள்ள குறியீடுகளை எடுத்துப் பதித்துவிடுவது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கோ அந்தக் குயவர்கள் நெருப்பையும் காற்றையும் ஆண்ட முறையே அவர்கள் விட்டுச்சென்ற பெரிய சொத்தாகத் தெரிகிறது.

அந்த நிறம் சூளைக்குள் பிறப்பது. களிமண்ணில் இயல்பாகவே கலந்திருக்கும் இரும்பு, சுடும்போது தாராளமாகக் காற்றுப் பட்டால் சிவக்கிறது. காற்று எட்டாத இடத்தில் புகைக்கரி மண்ணின் நுண்துளைகளில் ஏறிக்கொள்ள, அந்தப் பகுதி கறுத்துப்போகிறது. கலங்களைக் கவிழ்த்து வைத்துச் சுட்டதால்தான் உட்புறமும் வாய்விளிம்பும் கறுத்தன என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

எருக்கங்காயைத் தேர்ந்தெடுத்ததற்கு அதன் வாய்தான் காரணம். முற்றிய காய் ஒரே பக்கமாக நீளவாக்கில் பிளக்கிறது. உள்ளே தட்டையான பழுப்பு விதைகள் மீன் செதில்களைப்போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்திருக்க, அவற்றின் நுனியிலிருந்து வெண்பஞ்சு கிளம்புகிறது. உள்ளும் புறமும் ஒரே பார்வையில் தெரியும் இந்த வடிவத்துக்கு இருநிறச் சூளைமுறை இயல்பாகப் பொருந்துகிறது.

சலித்த களிமண்ணில் மணலும் உமியும் கலந்து பிசைந்தேன். பெரிய அய்யனார் குதிரைகளைச் செய்யும் வேளார் குயவர்கள் கையாளும் வழி இது; மணலும் உமியும் மண்ணின் இறுக்கத்தைத் தளர்த்தி ஈரம் வெளியேற வழிவிடுவதால் தடித்த சுவரும் வெடிக்காமல் நிற்கிறது. மண்ணைத் திரிகளாக உருட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, உள்ளே கையைக் கொடுத்து வெளியே பலகையால் தட்டிச் சுவரை எழுப்பினேன். பிளவின் மெல்லிய உதடுகள் அடிப்பகுதிக்கு முன்பே காய்ந்துவிடும் என்பதால் அவற்றின்மேல் ஈரத்துணி போட்டுவைத்திருக்கிறேன். விரல் அழுத்தினால் பதியாத, ஆனால் தொட்டால் குளிர்ச்சி மாறாத பதத்தில் கூழாங்கல்லால் தேய்க்கும்போது மேற்பரப்பில் எழும் மெருகு எனக்கு மிகுந்த நிறைவு தருகிறது. அந்தப் பதம் தாண்டினால் கல் மண்ணைக் கீறத் தொடங்கிவிடும்.

அதே மண்ணில் செய்த சிறு கிண்ணங்களை உமிப் படுக்கையில் கவிழ்த்துச் சுட்டுப் பார்த்தேன். 100 பாகை செல்சியஸைக் கடக்கும்வரை மிகமெதுவாகவும், மண்ணிலுள்ள குவார்ட்சு என்னும் கனிமம் திடீரென விரியும் 573 பாகையை ஒட்டி மறுபடியும் நிதானமாகவும் சூட்டை ஏற்றினேன். உட்புறம் ஆழ்ந்த கறுப்பானது. சிவப்பும் கறுப்பும் சந்திக்கும் இடத்தில் கூரிய கோடு விழாமல் பழுப்பும் ஊதாவும் கலந்து மங்கிச் செல்கிறது. பூச்சினால் இதைக் கொண்டுவர முடியாது என்றே நினைக்கிறேன்.

கிண்ணத்தின் வட்ட வாய் தரையில் சீராகப் படிந்துவிடும். சிற்பத்தின் நீண்ட, வளைந்த பிளவு அப்படிப் படியாது. ஆகவே பிளவுக்குள் உமியை அழுத்தி நிரப்பி, உதடுகளின் ஓரம் முழுவதும் மணலும் சாம்பலும் அணைத்துச் சுட எண்ணியிருக்கிறேன். விதைகளைத் தனித்தனியாகச் செய்து வேறாகச் சுடுவேன். சிற்பத்தின் கறுப்பு எவ்வளவு தூரம் வெளியே பரவுகிறது என்று பார்த்த பிறகே அவற்றின் நிறத்தை முடிவுசெய்ய வேண்டும்.