துபாயிலிருந்து பஜேரோ பாகங்கள்: சரக்கு கப்பல் ஏறுவதற்கு முன்பே முடிக்க வேண்டிய வேலைகள்

சென்னைக்குப் பக்கத்தில் திருவள்ளூரில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையிலிருந்து 1998 முதல் மிட்சுபிஷி லான்சரும், பிறகு பஜேரோ எஸ்எஃப்எக்ஸும் வெளிவந்தன. ஆலையில் அந்த வேலை நின்றுபோய் வருடங்கள் ஆகிவிட்டன. வண்டிகள் மட்டும் நிற்கவில்லை. மலைத் தோட்டங்களிலும் கிராமத்து வீடுகளிலும் அந்த 2.8 லிட்டர் 4எம்40 டீசல் எஞ்சின் இன்றும் உழைத்துக்கொண்டுதான் இருக்கிறது. பிரச்சினை பாகங்களில்தான். லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயின்ட், ஷாக் அப்சார்பர் என்று சாதாரணமாகத் தேயும் பொருட்களே சென்னையின் உதிரிபாகக் கடைத்தெருவான ஜிபி ரோட்டில் சில மாதம் கிடைக்கும், சில மாதம் கிடைக்காது. புதுப்பேட்டையில் கிடைப்பது வேறொரு வண்டியில் கழற்றியது. அதுவும் நம் வண்டியில் இருப்பதைப் போலவே தேய்ந்திருக்கும்.

நான் சென்னையில் ஒரு சிறிய ஒர்க்‌ஷாப் நடத்துகிறேன். இடைத்தரகர்களிடம் வாங்கி, விலையும் தரமும் பிடிபடாமல் போனதால், துபாயிலிருந்து நேரடியாக இறக்குமதி செய்வது என்று முடிவெடுத்தேன். பாலைவனத்தில் பஜேரோவுக்கு இருந்த மவுசால் வளைகுடா முழுக்க அந்த வண்டியின் பாகங்கள் கடைகளில் அடுக்கிக் கிடக்கின்றன. என்னைப் போன்ற சிறிய ஒர்க்‌ஷாப்காரர்கள் "இம்போர்ட் எல்லாம் பெரிய கம்பெனி வேலை" என்று ஒதுங்கிவிடுகிறார்கள். அப்படி ஒதுங்கத் தேவையில்லை என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் வேலை பார்ட் நம்பர். "பஜேரோ முன்பக்க ஷாக்" என்று கேட்டால் துபாய்க் கடைக்காரர் ஏதோ ஒன்றைக் கொடுப்பார், அது ஏதோ ஒரு பஜேரோவுக்குப் பொருந்தும். சேசிஸ் நம்பரை வைத்து மிட்சுபிஷி கேட்டலாக்கில் ஒவ்வொரு பாகத்துக்கும் எண் எடுத்தோம். பழைய எண்கள் எம்பி, எம்ஆர் என்று இரண்டு எழுத்தில் தொடங்கி ஆறு இலக்கங்களோடு இருக்கும். பல எண்கள் காலாவதியாகி, அவற்றுக்குப் பதில் புது எண் வந்திருக்கும். பழைய எண்ணை மட்டும் அனுப்பினால் "ஸ்டாக் இல்லை" என்று பதில் வரும். புது எண்ணில் அதே பொருள் அதே கடையில் இருக்கும். இந்த எண் பட்டியலை உருவாக்கத்தான் மொத்த வேலையிலேயே அதிக நேரம் பிடித்தது. அந்த உழைப்பு வீண் போகவில்லை.

வளைகுடா வண்டிக்கும் நம் வண்டிக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்லியாக வேண்டும். அங்கே ஓடியவை பெரும்பாலும் பெட்ரோல் வி6. ஆகவே சஸ்பென்ஷன், பிரேக், பாடி பாகங்கள் தாராளமாகக் கிடைக்கும். டீசல் எஞ்சின் பாகங்கள் குறைவு. அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம். ஹெட்லைட் கண்ணாடி பார்க்க ஒன்றுபோல இருந்தாலும், அந்த ஊர் லைட் டிம் செய்தால் வெளிச்சம் வலப்பக்கமாக ஏறும். நம் சாலையில் அது எதிரே வருபவரின் கண்ணில் நேராக அடிக்கும். வைப்பர் லிங்கேஜ், ஸ்டியரிங் பாகங்களும் அப்படித்தான். ஆப்பிரிக்க நாடுகளுக்கு மறுஏற்றுமதி செய்யும் கடைகளில் வலப்பக்க ஸ்டியரிங் வண்டிக்கான சரக்கும் உண்டு. கேட்டு, எண்ணைச் சரிபார்த்து வாங்க வேண்டும். விலை குறைவு என்பதற்காக யாரும் இடப்பக்க வண்டியின் ஹெட்லைட்டை இங்கே மாட்டக் கூடாது. எதிரே வருபவரின் உயிர் சம்பந்தப்பட்டது அது.

"ஷார்ஜாவில் பழைய வண்டியிலிருந்து எஞ்சினையே அறுத்து விற்கிறார்களே, அதைக் கொண்டுவரலாமே?" என்று வாடிக்கையாளர்கள் கேட்பார்கள். முடியாது. இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில், மூலதனப் பொருள் அல்லாத எந்தப் பழைய பொருளும் கட்டுப்படுத்தப்பட்ட பட்டியலில் இருக்கிறது. டிஜிஎஃப்டி (வெளிநாட்டு வர்த்தகத் தலைமை இயக்குநரகம்) அனுமதி இல்லாமல் இறக்க முடியாது. "புதியது" என்று எழுதி அனுப்பித் தருகிறோம் என்று சொல்லும் கடைகள் அங்கே உண்டு. அந்தப் பேச்சு வந்த இடத்திலேயே நான் தொடர்பை முடித்துக்கொண்டேன்.

பதிவுகளைப் பொறுத்தவரை பயப்பட ஒன்றுமில்லை. இறக்குமதி, ஏற்றுமதி செய்பவருக்கான ஐஇசி எண் நம் பான் எண்ணேதான். டிஜிஎஃப்டி தளத்தில் 500 ரூபாய் கட்டணம். ஒவ்வொரு ஆண்டும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களைப் புதுப்பிக்க வேண்டும், மாற்றம் எதுவும் இல்லாவிட்டாலும். விட்டால் எண் செயலிழக்கும். வங்கியிடம் ஏடி கோடு (வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கு அந்த வங்கிக் கிளைக்கு உள்ள எண்) வாங்கி சுங்கத்தின் ஐஸ்கேட் தளத்தில் பதிந்தோம். கடையில் வைத்து மற்றவர்களுக்கும் விற்பதால், பெட்டியில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, தயாரித்த நாடு, தயாரித்த மாதம், எம்ஆர்பி எல்லாம் இருந்தாக வேண்டும். அதற்கு சட்டமுறை எடையளவுத் துறையில் தனிப் பதிவு. லேபிளை இங்கே அச்சடித்து துபாய்க்கே அனுப்பி, அங்கே பேக்கிங்கின்போதே ஒட்டவைத்தோம்.

பணம் அனுப்புவதில் ஒரு நுணுக்கம். வங்கிக் கட்டணத்தை யார் ஏற்பது என்று படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதைக் கவனிக்காவிட்டால் நடுவில் உள்ள வங்கி கொஞ்சம் கழித்துக்கொள்ளும், கடைக்காரருக்குப் பணம் குறைவாகப் போய்ச்சேரும், அந்தச் சில்லறைக்காக சரக்கு நிற்கும். நாங்கள் கட்டணம் முழுவதையும் எங்கள் பக்கம் எடுத்துக்கொண்டோம். தொகையையும் இரண்டாகப் பிரித்தோம்: ஆர்டரோடு ஒரு பங்கு, ஒவ்வொரு பெட்டியையும் பார்ட் நம்பர் தெரியப் படமெடுத்து அனுப்பிய பிறகு மீதி.

அந்தப் படங்கள்தான் எங்களைக் காப்பாற்றின. பட்டியலில் ஜெனுயின், அதாவது மிட்சுபிஷியின் அசல் பாகம், என்று விலை போட்டிருந்த பால் ஜாயின்ட்டுக்குப் பதில் வேறு பிராண்டு பெட்டி படத்தில் இருந்தது. கூப்பிட்டுக் கேட்டேன். கடையிலிருந்த மலையாளி இளைஞர், "அண்ணா, ஸ்டாக் தீர்ந்துடுச்சு, இதுவும் நல்ல சாதனம்தான்" என்றார். நல்ல சாதனமாகவே இருக்கலாம். ஆனால் விலை வேறு, இன்வாய்ஸில் எழுதியிருப்பது வேறு. ஜெனுயின் என்று எழுதி வேறொன்று வந்தால் சுங்கத்தில் பதில் சொல்ல வேண்டியவன் நான். மாற்றி எழுதி, விலை குறைத்து, திருத்திய இன்வாய்ஸ் வந்த பிறகே மீதிப் பணம் போனது.

இன்வாய்ஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். சுங்கத்தில் நம் சார்பாகத் தாக்கல் செய்யும் தரகரை சிஎச்ஏ என்பார்கள். எங்கள் சிஎச்ஏ இந்தத் தொழிலில் ஊறியவர். சுங்கத்தில் தாக்கல் செய்யும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியைப் பற்றி ஆரம்பத்திலேயே சொன்னார்: "தம்பி, பில் ஆஃப் என்ட்ரில நான் எழுதப்போறது உங்க இன்வாய்ஸ்ல இருக்கறதைத்தான். அங்க 'ஆட்டோ பார்ட்ஸ்'னு மொட்டையா இருந்தா இங்கயும் மொட்டைதான். அப்புறம் பெட்டி பெட்டியா பிரிச்சுக் காட்டணும்."

ஒவ்வொரு பொருளுக்கும் சுங்கத்தில் ஒரு வகைப்பாட்டு எண் உண்டு, வரி அதைப் பொறுத்தது. காரில் மாட்டும் எல்லாமே 8708 என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. பிரேக் பேட், கிளட்ச், ஷாக் அப்சார்பர் 8708இல் வரும். வாட்டர் பம்ப் 8413. ஆயில் ஃபில்டர், ஏர் ஃபில்டர் 8421. பேரிங் 8482. குளோ பிளக் 8511. ஹெட்லைட் 8512. டைமிங் செயின் சங்கிலிகளுக்கான 7315. விண்ட்ஷீல்டு போன்ற கண்ணாடி என்றால் 7007, அதற்கு பிஐஎஸ் தரச் சான்று கட்டாயம் வேறு. நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. ஒவ்வொரு வரியிலும் பார்ட் நம்பர், பொருளின் பெயர், எந்த வண்டிக்கு, பிராண்டு, தயாரித்த நாடு, எண்ணிக்கை, ஒன்றின் விலை என்று எழுதவைத்தோம். கடைக்காரர் அலுத்துக்கொண்டார், ஆனாலும் செய்து கொடுத்தார்.

சரக்குக் கட்டணத்தில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். சரக்கை ஏற்றி அனுப்பும் ஏஜென்ட்டான ஒரு ஃபார்வர்டர், துபாயின் ஜெபல் அலி துறைமுகத்திலிருந்து சென்னைக்குக் கிட்டத்தட்ட இலவசமாகவே ஏற்றித் தருவதாகச் சொன்னார். சென்னையில் என்னென்ன கட்டணம் என்று எழுதித் தரச் சொன்னேன். டெலிவரி ஆர்டர், கன்டெய்னரைப் பிரிக்கும் செலவு, கையாளும் செலவு, ஆவணச் செலவு என்று பட்டியல் நீண்டது. வேறொருவர் கப்பல் கூலியை வெளிப்படையாகக் கேட்டார். மொத்தத்தில் அவரே மலிவு. மற்றவர்கள் சரக்கோடு சேர்த்துப் பகுதிக் கன்டெய்னரில் அனுப்பும்போது கன மீட்டர், டன் இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கூலி. பம்பர் போல எடை இல்லாமல் இடம் மட்டும் அடைக்கும் பொருளை இதில் போடாதீர்கள். விமானத்தில் வேகமாக வரும்தான். ஆனால் கேஸ் நிரப்பிய ஷாக் அப்சார்பருக்கு அங்கே ஆபத்தான சரக்கு விதிகள் குறுக்கே வரும், எடைக்கு ஏற்ற கூலியும் கட்டுப்படியாகாது.

கப்பல் கூலிக்கும் இன்சூரன்ஸுக்கும் ரசீது கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் சுங்க மதிப்பீட்டு விதிப்படி சரக்கு விலையில் 20 சதவீதத்தைக் கூலியாகவும் 1.125 சதவீதத்தை இன்சூரன்ஸாகவும் சேர்த்து, அதன்மேல் வரி போடுவார்கள். உண்மைக் கூலி அதைவிடக் குறைவாக இருந்தால் அந்த நஷ்டம் நமக்கு.

வரியை ஒரு லட்சம் ரூபாய்க்குக் கணக்கிட்டுக் காட்டுகிறேன். கூலி, இன்சூரன்ஸ் சேர்ந்த மதிப்பு 1,00,000. 8708க்கு அடிப்படைச் சுங்க வரி 15 சதவீதம், 15,000. அந்த வரியின்மேல் சமூக நலக் கூடுதல் வரி 10 சதவீதம், 1,500. இப்போது 1,16,500. இதன்மேல் இறக்குமதிக்கான ஜிஎஸ்டியான ஐஜிஎஸ்டி 18 சதவீதம், 20,970. கட்ட வேண்டியது மொத்தம் 37,470. 2025 செப்டம்பர் 21 வரை வாகன பாகங்களுக்கு ஐஜிஎஸ்டி 28 சதவீதமாக இருந்தது. அப்போது இதே சரக்குக்கு 49,120 கட்டியிருப்போம். ஐஜிஎஸ்டியை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பதால், வழக்கமான ஜிஎஸ்டி பதிவு உள்ளவருக்கு நிஜமான வரிச் சுமை 16,500தான். சிறு வணிகர்களுக்கான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அந்த வசதி கிடையாது. கணக்குக்கு எடுக்கும் டாலர், திர்ஹாம் மதிப்பும் வங்கியில் நாம் கொடுத்த விலை இல்லை, சுங்கத் துறை அறிவிக்கும் விலை.

பில் ஆஃப் என்ட்ரியைக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாளே தாக்கல் செய்துவிட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000, அதன் பிறகு நாளொன்றுக்கு 10,000. இன்வாய்ஸ் தெளிவாகக் கையில் இருந்ததால் எங்களுக்கு அந்தக் கவலை வரவில்லை.

2020 ஜூனில் சென்னையிலும் பெங்களூருவிலும் தொடங்கிய முகமற்ற மதிப்பீடு இப்போது நாடு முழுக்க இருக்கிறது. நம் பில்லைப் பார்ப்பவர் வேறு ஊரில் இருக்கலாம். போய் நின்று விளக்க முடியாது. அவர் கேட்பதற்கு எழுத்திலும் படத்திலும் பதில் சொல்ல வேண்டும். எங்களுக்குக் கேள்வி வந்தது லோயர் ஆர்ம் புஷ்ஷுக்கு. இது ரப்பர் பொருள்தானே, 4016இல் ஏன் காட்டவில்லை என்று கேட்டிருந்தார்கள். நியாயமான கேள்வி. வெறும் ரப்பராக இருக்கும் ஸ்டெபிலைசர் புஷ்ஷை நாங்களே 4016இல்தான் காட்டியிருந்தோம். லோயர் ஆர்ம் புஷ் அப்படி இல்லை. ஒர்க்‌ஷாப்பில் கழற்றிப் போட்டிருந்த பழைய புஷ் ஒன்றை எடுத்து, ஹேக்சா பிளேடால் குறுக்கே அறுத்தோம். வெளியே ஓர் இரும்புக் குழல், உள்ளே ஓர் இரும்புக் குழல், நடுவில் இரண்டையும் பிடித்துக்கொண்டு வார்த்த ரப்பர். வெட்டு முகத்தில் மூன்றும் வளையம் வளையமாகத் தெளிவாகத் தெரிந்தன. அந்தப் படத்தையும் கேட்டலாக் வரைபடத்தையும் பார்ட் நம்பரோடு சேர்த்து அனுப்பினோம். 8708இலேயே ஏற்றுக்கொண்டார்கள்.

மணலிப் பக்கத்து சிஎஃப்எஸ்ஸில், அதாவது கன்டெய்னரைப் பிரித்துச் சுங்கம் சரிபார்க்கும் கிடங்கில், பரிசோதனை. அதிகாரி முதலில் பார்த்தது பெட்டியை இல்லை, அடியிலிருந்த மரப் பலகையை. கோதுமைக் கதிர் போன்ற ஐபிபிசி முத்திரை அதில் இருக்க வேண்டும். மரம் பூச்சி நீங்கப் பதப்படுத்தப்பட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். முத்திரை இல்லாத மரத்தால் நல்ல சரக்கே மாட்டிக்கொண்டதைப் பார்த்திருக்கிறேன். பிறகு பட்டியலிலிருந்து அவர் ஒரு வரியைச் சொல்வார், நாங்கள் அந்தப் பெட்டியை எடுத்துக் கொடுப்போம். பேக்கிங் லிஸ்ட்டில் எந்தப் பொருள் எந்த அட்டைப்பெட்டியில் என்று எண் போட்டிருந்ததால் தேடல் இல்லை. லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், தயாரித்த நாட்டை இன்வாய்ஸோடு ஒப்பிட்டார், போதும் என்றார். வரியை முன்பே கட்டியிருந்தோம். சரக்கை எடுத்துச் செல்லச் சுங்கம் தரும் அனுமதியான அவுட் ஆஃப் சார்ஜ் கிடைத்தது.

சரக்கு வந்ததோடு வேலை முடிவதில்லை. முன்பணம் அனுப்பியவர்கள் அந்த பில் ஆஃப் என்ட்ரியை வங்கியில் கொடுத்து, இறக்குமதிப் பணத்தைக் கண்காணிக்கும் ஐடிபிஎம்எஸ் கணக்கில் பணமும் சரக்கும் பொருந்திவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்ய வேண்டும். அது திறந்தே கிடந்தால் அடுத்த முறை பணம் அனுப்பும்போது வங்கி நிறுத்திவைக்கும்.

எங்கள் பெட்டிகள் சிலவற்றில் தயாரித்த நாடு தாய்லாந்து என்று இருந்தது. ஆசியான் ஒப்பந்தத்தில் வரிச் சலுகை கேட்க, அங்கிருந்தே மூலச் சான்றிதழோடு வர வேண்டும். துபாய்க் கடையிலிருந்து வாங்கிய பொருளுக்கு அந்தச் சான்றிதழ் கிடையாது. 4எம்40 எஞ்சின் தாய்லாந்தின் பிக்கப் வண்டிகளிலும் ஓடியதுதான். டீசல் பாகங்களை இனி அங்கிருந்தே எடுக்கலாம் என்று பாங்காக் கடை ஒன்றுக்கு எழுதியிருக்கிறேன். விலைப்பட்டியல் கேட்பதற்கு முன் கேட்டது இரண்டுதான்: ஆசியான் சலுகைக்கான மூலச் சான்றிதழான ஃபார்ம் ஏஐ வாங்கித் தர முடியுமா, மூல நாட்டைச் சரிபார்க்க 2020இல் வந்த கரோட்டார் விதிப்படி அந்தப் பொருள் அங்கே எப்படி உருவானது என்ற விவரத்தை எழுத்தில் தருவார்களா. இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தால், பார்ட் நம்பர் பட்டியல் தயாராக இருக்கிறது.