உளவுக் கப்பலும் ஆய்வுக் கப்பலும்

2022 ஆகஸ்ட் 16 அன்று காலை சீனாவின் யுவான் வாங் 5 கப்பல் இலங்கையின் அம்பாந்தோட்டைத் துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தது. ஒரு தமிழ் நாளிதழின் வெளிநாட்டுச் செய்திப் பிரிவில் அன்று எனக்குச் சாயங்கால ஷிஃப்ட். செய்தி புதிதல்ல. 11ஆம் தேதியே வர வேண்டிய கப்பல் அது. இந்தியா கவலை தெரிவித்தது, கொழும்பு கொஞ்சம் பொறுக்கச் சொன்னது, அப்புறம் அதுவே அனுமதியும் கொடுத்தது. எழுதி எழுதிக் கை பழகிய விஷயம் என்பதால் அரை மணி நேரத்தில் செய்திக் காப்பி முடிந்துவிட்டது. தலைப்புதான் முடியவில்லை.

"அம்பாந்தோட்டை வந்தது சீன" என்று அடித்துவிட்டு நிறுத்திவிட்டேன். அடுத்த சொல் உளவா, ஆய்வா?

பெய்ஜிங் அதை அறிவியல் ஆய்வுக் கப்பல் என்றது. நம் தொலைக்காட்சிகள் இரண்டு வாரமாக உளவுக் கப்பல் என்றே அலறிக்கொண்டிருந்தன. செய்தி ஏஜென்சி அனுப்பிய காப்பியோ இரண்டையும் சொல்லிவிட்டு நைசாக ஒதுங்கிக்கொண்டது. அந்தக் கப்பல் செய்யும் வேலை ஒன்றும் பரம ரகசியமில்லை. பெரிய பெரிய டிஷ் ஆன்டெனாக்களை வைத்துக்கொண்டு செயற்கைக்கோள்களையும் ராக்கெட்டுகளையும் பின்தொடரும். ஏவுகணையையும் பின்தொடர முடியும். ஆய்வு என்று எழுதினால் பாதியை மறைத்த மாதிரி, உளவு என்று எழுதினால் விசாரிக்காமல் தீர்ப்புச் சொன்ன மாதிரி.

ஷிஃப்ட் பொறுப்பில் இருந்த செய்தி ஆசிரியர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். "என்னய்யா யோசனை? உளவுன்னு போடு. பக்கம் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க."

"சார், நம்மகிட்ட ஐஎன்எஸ் துருவ் இருக்கு. போன வருஷம் செப்டம்பர்ல விசாகப்பட்டினத்துல சேவையில சேர்த்தாங்க. அதுவும் ஏவுகணையைப் பின்தொடர்ற கப்பல்தான். அதுக்கு நாம என்ன தலைப்பு போட்டோம்?"

"என்ன போட்டோம்?"

"கடற்படைக்குப் புதிய பலம்."

"அது நம்ம கப்பல்யா," என்றார். சொல்லி முடிப்பதற்குள் அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. சரி, எதையாவது போட்டுத் தொலை என்று கிளம்பிவிட்டார். நான் அடைமொழியே இல்லாமல் "சீனக் கப்பல்" என்று போட்டேன். மறுநாள் கூட்டத்தில் மற்ற பத்திரிகைகளை மேசையில் விரித்து வைத்தார்கள். எல்லாவற்றிலும் உளவு. நம் தலைப்பு மட்டும் உப்பில்லாமல் இருக்கிறது என்று விநியோகப் பிரிவிலிருந்து ஒருவர் சொன்னார். அவர் சொன்னதும் உண்மைதான்.

பதினேழு வருடம் இந்த டெஸ்கில் உட்கார்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். ஊடகச் சார்பு என்றால் தலையங்கத்தில், விவாத மேடையில் இருக்கும் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அங்கே இருப்பது எல்லாருக்கும் தெரிந்த சார்பு, அதனால் பெரிய ஆபத்தில்லை. நான் பார்த்ததெல்லாம் இரவு பதினொரு மணிக்கு, வெளியூர் எடிஷனை அனுப்பும் அவசரத்தில், ஒரு பெயர்ச்சொல்லிலும் ஒரு வினைமுற்றிலும் நுழைந்துகொள்ளும் சார்பு. அமெரிக்க அதிகாரி "கூறினார்", சீன அதிகாரி "கூறிக்கொண்டார்". அமெரிக்காவில் அரசு, சீனாவில் ஆட்சிக் கும்பல். இந்தியா எல்லையில் "ரோந்து" போகும், சீனா "வாலாட்டும்". வாலாட்டும் என்ற சொல்லை நானே எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. ஐந்து எழுத்தில் தலைப்பு நிறைந்துவிடும், அதுதான் காரணம். இதில் அரசியலைவிட அகலம் பெரிது.

தமிழ்ப் பத்திரிகைக்குச் சீனச் செய்தி வந்து சேரும் வழியைப் பார்த்தால் மிச்சமும் புரியும். ராய்ட்டர்ஸ், ஏபி, ஏஎஃப்பி என்று மூன்று பெரிய ஏஜென்சிகள். லண்டன், நியூயார்க், பாரிஸ். பெய்ஜிங்கில் நடப்பது முதலில் அவர்களுடைய ஆங்கிலத்துக்குள் போய், அங்கிருந்து என் கணினிக்கு வந்து, என் தமிழாக மாறுகிறது. சீனாவைப் பற்றிய நல்ல செய்தி என்றால் அந்தக் காப்பியின் மூன்றாவது பத்தியில் ஓர் "ஆனால்" கட்டாயம் உட்கார்ந்திருக்கும். 2008இல் பெய்ஜிங்கிலிருந்து தியான்ஜினுக்குப் போட்ட அதிவேக ரயில் பாதை 2019 முடிவில் நாடு முழுக்க 35,000 கிலோமீட்டராகிவிட்டது. அதைச் சொல்லும் காப்பியில் கடன் சுமை, காலிப் பெட்டி, தனிமனிதக் கண்காணிப்பு எல்லாம் வரிசையாக வரும். எல்லாமே கேட்க வேண்டிய கேள்விகள்தான். ஜப்பான் ரயிலுக்கும் பிரான்ஸ் ரயிலுக்கும் அதே கேள்வி அதே மூன்றாவது பத்தியில் வராததுதான் எனக்கு உறுத்தும்.

இந்த உறுத்தல் என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் சொல்ல வேண்டும்.

2020 ஜனவரி முதல் வாரம். வூஹான் நகரில் காரணம் தெரியாத நிமோனியா என்று செய்திகள் வரத் தொடங்கியிருந்தன. வதந்தி பரப்பியதாக எட்டுப் பேர் மீது நடவடிக்கை எடுத்திருக்கிறோம் என்று வூஹான் காவல்துறை அறிவித்திருந்தது. மேற்கத்திய ஏஜென்சிகள் எப்போதும்போல் பீதியைக் கிளப்புகின்றன என்ற எண்ணத்தில் நான் இருந்தேன். அந்த அறிவிப்பை ஒரு சிங்கிள் காலம் செய்தியாக, அதாவது ஒரே பத்தி அகலத்தில், கண்ணை மூடிக்கொண்டு, "வதந்தி பரப்பிய 8 பேர் மீது நடவடிக்கை" என்று போட்டேன். வதந்தி என்ற சொல்லுக்கு மேற்கோள் குறிகூடப் போடவில்லை. மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவுவதற்குத் தெளிவான ஆதாரமில்லை என்ற அங்குள்ள அதிகாரிகளின் பேச்சையும் அடுத்த வாரம் அப்படியே எடுத்துப்போட்டேன்.

ஜனவரி 20ஆம் தேதி, பரவுகிறது என்று அவர்களே அறிவித்தார்கள். வதந்தி என்று சொல்லப்பட்டது மருத்துவர்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட எச்சரிக்கை என்பதும் மெல்ல வெளியே வந்தது. லி வென்லியாங் என்ற கண் மருத்துவரைக் காவல் நிலையத்துக்கு வரவழைத்து, இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அவர் அதே நோய் கண்டு பிப்ரவரி 7 அன்று இறந்தார். மார்ச் 19ஆம் தேதி வூஹான் காவல்துறை அந்தக் கண்டனக் கடிதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு அவர் குடும்பத்திடம் மன்னிப்பும் கேட்டது. நான் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு சிங்கிள் காலத்துக்கு யார் திருத்தம் வெளியிடுவார்கள்? அந்தப் பக்கத்தைக் கிழித்து டிராயரில் போட்டு வைத்திருக்கிறேன். மேற்கின் சார்பைக் கண்டுபிடித்துவிட்ட மிதப்பில் இன்னொரு பக்கத்தின் சார்புக்குத் தபால்காரனாகியிருந்தேன்.

அதே பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. அமெரிக்காவின் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் ஒரு கருத்துக் கட்டுரைக்கு, சீனாதான் ஆசியாவின் உண்மையான நோயாளி என்ற பொருளில் தலைப்பு வைத்தது. சீனர்களின் நெஞ்சில் நூறு வருட அவமானமாகக் கிடக்கும் சொல் அது. பெய்ஜிங் அந்தப் பத்திரிகையின் மூன்று நிருபர்களை நாட்டைவிட்டு அனுப்பியது. அந்தக் கட்டுரையோடும் தலைப்போடும் அந்த மூவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தலைப்பு வைக்கும் வேலை பார்ப்பவன் என்பதால் எனக்கு அந்தச் செய்தி வேறு மாதிரி வலித்தது. டெஸ்கில் ஒருவர் செய்யும் வேலைக்குத் தெருவில் நிற்பவர் பெட்டியைக் கட்ட வேண்டியிருக்கிறது. மார்ச்சில் அமெரிக்கா தன் நாட்டிலுள்ள சீன அரசு ஊடகங்களின் ஆள் எண்ணிக்கையைக் குறைத்தது. பதிலுக்குச் சீனா மேலும் பத்துக்கு மேற்பட்ட அமெரிக்க நிருபர்களை வெளியேற்றியது. அதன்பிறகு தைபேயிலும் சியோலிலும் உட்கார்ந்து எழுதிய சீனச் செய்திகள் நிறைய வர ஆரம்பித்தன.

நம் பக்கக் கதைக்கு வருகிறேன். 2019 அக்டோபர் 11, 12 தேதிகளில் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்தபோது எங்கள் அலுவலகம் கல்யாண வீடு மாதிரி இருந்தது. பல்லவர் காலத்துச் சீனத் தொடர்பு, காஞ்சிக்கு வந்த யுவான் சுவாங், போதிதர்மர், வெண்ணெய் உருண்டைப் பாறை, மோடி கட்டிய வேட்டி என்று பெட்டிச் செய்தி மேல் பெட்டிச் செய்தி எழுதினேன். (அவர் பெயரை எழுதுவது ஷியா, ஜியா, ஜீயா என்று ஒரு பெரிய சண்டையும் நடந்தது. 2014இல் தூர்தர்ஷனில் ஒருவர் ஆங்கிலத்தில் Xi என்றிருந்ததை ரோமன் எண்ணாக நினைத்து "லெவன் ஜின்பிங்" என்று வாசித்து வேலையை இழந்த கதை எல்லாருக்கும் தெரியும் என்பதால், நாங்கள் கொஞ்சம் பயந்தே இருந்தோம்.)

எட்டே மாதம். 2020 ஜூன் 15 இரவு லடாக் எல்லையில் கல்வான் மோதல். இறந்த நம் வீரர்கள் என்று மறுநாள் பகலில் முதலில் வந்த எண்ணிக்கை மூன்று, அதில் ஒருவர் ராமநாதபுரம் மாவட்டம் கடுக்கலூரைச் சேர்ந்த ஹவில்தார் பழனி. இரவில் அது இருபதானது. நம் ஊர்ப் பிள்ளை ஒருவர் இறந்திருக்கும்போது டெஸ்கில் யாருக்கும் கை நிதானமாக இல்லை, எனக்கும்தான். அந்த நேரத்தில் சீனத் தரப்பில் 43 "கேஷுவல்டி" என்று ஓர் ஆங்கிலச் செய்தி வந்தது. அந்தச் சொல்லில் இறந்தவரும் அடங்குவர், படுகாயமடைந்தவரும் அடங்குவர். செய்தியிலேயே அதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். தமிழில் அதற்கு ஒரே சொல் இல்லை. "43 சீன வீரர்கள் பலி" என்று பல இடங்களில் ஓடிவிட்டது. எங்கள் வெளியூர் எடிஷனிலும் அப்படித்தான் போனது.

நகர எடிஷனில் அதைப் பிடித்தவர் அண்ணாச்சி. எங்கள் மெய்ப்புப் பிரிவில் இருந்தவர், தென்காசிப் பக்கம். அடித்த பக்கத்தைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து, "தம்பி, உயிரோட ஆஸ்பத்திரியில கிடக்கிறவனையும் சேர்த்துக் கொன்னுட்டியளே," என்றார். பலி, காயம் என்று மாற்றி, தலைப்பை இரண்டு வரியாக்கினோம்.

சீனா தன் பக்கத்தில் நால்வர் இறந்ததாக அறிவிக்க 2021 பிப்ரவரி வரை ஆனது. அந்த எண்ணைச் சந்தேகித்து எழுதிய ஒரு பதிவரை அங்கே சிறையில் போட்டார்கள். அன்றைக்கு நான் "ஒப்புக்கொண்டது சீனா" என்று எழுதினேன், தயக்கமில்லாமல். எட்டு மாதம் மூடி வைத்திருந்ததைச் சொன்னால் அதற்குப் பெயர் ஒப்புக்கொள்வதுதான். ஒவ்வொரு சொல்லையும் தண்ணீர் ஊற்றிக் கலக்கிவிடுவது நடுநிலை ஆகாது.

அண்ணாச்சியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். அவர் பள்ளிக்கூடக் காலத்தில் சீன வானொலியின் நேயர். 1963 ஆகஸ்ட் 1 முதல் பெய்ஜிங்கிலிருந்து தமிழில் ஒலிபரப்பு உண்டு. சிற்றலையில் இரைச்சலுக்கு நடுவே கேட்டு, பெய்ஜிங்குக்குக் கடிதம் எழுதி, பதிலுக்கு வந்த நாட்காட்டியை வீட்டில் மாட்டி வைத்தவர். தமிழ் படித்து, தமிழ்ப் பெயர் வைத்துக்கொண்ட சீனர்கள் "வணக்கம் நேயர்களே" என்று தொடங்குவதை அவர் அப்படியே பேசிக் காட்டுவார். அது அரசுப் பிரசாரம்தானே அண்ணாச்சி என்று கேட்டால், "ஆமா, பிரசாரந்தான். அதுக்காவது அவன் நம்ம பாஷையைப் படிச்சான்லா? நம்மள்ல ஒருத்தன் சீனம் படிச்சு, அங்க போய் உக்காந்து, தமிழ்ல எழுதி அனுப்பியிருக்கானா?" என்பார். இதற்கு என்னிடம் பதில் இருந்ததே இல்லை. நாங்கள் மேற்கைத் திட்டுவோம், அல்லது பெய்ஜிங்கைத் திட்டுவோம், இரண்டையும் ஆங்கிலத்தில் படித்துவிட்டு.

நம் கண் அங்கே இல்லாததன் விலை 2022 செப்டம்பர் கடைசியில் தெரிந்தது. சாமர்கண்ட் மாநாடு முடிந்து ஊர் திரும்பிய ஷி ஜின்பிங் சில நாள் வெளியே தென்படவில்லை. வீட்டுக் காவலில் வைத்துவிட்டார்கள், ராணுவப் புரட்சி, விமானங்கள் ரத்து என்று இந்தியா முழுக்கக் கிளம்பிவிட்டது. உலகத்தில் வேறெங்கும் இல்லாத உற்சாகம் நம் சேனல்களில். ஏஜென்சித் திரையில் ஒரு வரி கிடையாது. அந்த மௌனம்தான் பெரிய தகவல் என்று நான் வாதாடினேன். "எல்லாரும் போடுறான், நாம மட்டும் சும்மா இருக்க முடியுமா?" என்றார் செய்தி ஆசிரியர். கடைசியில் தமிழ்ப் பத்திரிகையின் குலதெய்வமான கேள்விக்குறி எங்களைக் காப்பாற்றியது. "சீன அதிபர் வீட்டுக் காவலில்?" என்று போட்டோம். 27ஆம் தேதி அவர் பெய்ஜிங்கில் ஒரு கண்காட்சியைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்கு மூன்றாம் பக்கத்தில் சின்னதாக ஒரு படம். கேள்விக்குறி போட்டவன் பதில் சொல்லக் கடமைப்பட்டவன் இல்லை என்பது எங்கள் தொழிலின் எழுதாத சட்டம்.

2023இல் இந்தியாவும் சீனாவும் ஒருவர் நிருபர்களுக்கு மற்றவர் விசா மறுத்து மறுத்து, ஜூனில் சீனாவில் மிச்சமிருந்த கடைசி இந்தியச் செய்தியாளரையும் கிளம்பச் சொன்னதாகச் செய்தி வந்தது. அந்தக் காப்பியையும் நான்தான் தமிழாக்கினேன். அதுவும் வெளிநாட்டு ஏஜென்சி வழியாகத்தான் வந்தது.

அந்த வருடம் அக்டோபர் 25இல் ஷி யான் 6 என்ற இன்னொரு சீனக் கப்பல் கொழும்பு வந்தது. சீன அறிவியல் கழகத்தின் கடலாய்வுக் கப்பல், இலங்கையின் நீர்வள ஆராய்ச்சி நிறுவனமான நாராவோடு சேர்ந்து வேலை செய்ய வந்தது. கடலடித் தரவு யாருக்கெல்லாம் பயன்படும் என்ற கேள்வி இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. நான் அந்த வாரம் விடுப்பில் ஊரில் இருந்தேன். காலையில் டீக்கடையில் எங்கள் பத்திரிகையை விரித்தால் நாலு காலத்துக்கு "உளவுக் கப்பல்". டெஸ்கிலிருந்த பையனுக்கு போன் போட்டேன். "சார், எல்லா சேனல்லயும் அப்படித்தானே சார் வந்துச்சு," என்றான். குரலில் கலப்படமில்லாத ஆச்சரியம்.

கொஞ்ச நேரத்தில் அண்ணாச்சி கூப்பிட்டார். அவர் ஓய்வு பெற்று ஒரு வருடம் ஆகியிருந்தது, பேப்பரை எழுத்தெண்ணிப் படிக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

"தம்பி, இந்தத் தடவை உளவுன்னு வந்திருக்கே?"

"நான் லீவு அண்ணாச்சி."

"அப்படியா?" என்றார். "நீ லீவு போட்டிருக்கன்னு அந்தக் கப்பலுக்குத் தெரிஞ்சிருக்குன்னா, அது உளவுக் கப்பலேதான்."